கண்ணாடியில் ஒரு முகம்

சென்ற ஆண்டு மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை. காலை ஆறு மணி ஐம்பது நிமிடம். இடம், காத்திவாக்கத்தில் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு தெரு. நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்வதற்குக் காரணம் என் டைரி. இருபத்தாறு வருடமாக எழுதுகிறேன். என் தொழிலிலும் நேரம்தான் முக்கியம். ரத்தம் எடுத்த நேரத்தைக் குழாயில் ஒட்டும் சீட்டில் எழுதாவிட்டால் அந்த ரத்தத்துக்கு மதிப்பில்லை.

திருவொற்றியூரில் ஒரு சிறிய ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். காலையில் வீடு வீடாகப் போய், வெறும் வயிற்றில் காத்திருப்பவர்களிடம் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து எட்டரை மணிக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தவரை ஒரு காலையில் ஏழு வீடு முடிப்பேன். யாருக்கு எந்தக் கையில் நரம்பு கிடைக்கும், யாரிடம் முதலில் ஐந்து நிமிடம் பேச்சுக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அதற்கு நான்கு மாதம் முன்பு, ஐப்பசி மழையில், எண்ணூர் சாலையில் ஒரு கன்டெய்னர் லாரியின் இடப் பக்கமாக முந்தப் போனேன். அதற்கும் கடலோரக் கருங்கற்களுக்கும் நடுவில் ஒரு ஸ்கூட்டர் போகிற அளவு இடம் இருந்தது. சக்கரம் வழுக்கியது. விழுந்தேன். கண்ணைத் திறந்தபோது, என் தோளுக்கு ஒரு முழம் தள்ளி லாரியின் டயர் நின்றிருந்தது. டயரின் பள்ளங்களில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்ததைக்கூட இப்போது வரைந்து காட்ட முடியும். யாரோ இருவர் என்னைத் தூக்கி ஓரமாக உட்கார வைத்தார்கள். லாரி மெதுவாகப் புறப்பட்டுப் போய்விட்டது. ஓட்டியவரை நான் பார்க்கவில்லை. அதற்குள் ஒரு ஆள் இருந்தார் என்றே எனக்குத் தோன்றவில்லை. முன்னால் நெரிசல் இருந்ததால் லாரி நின்றது, அதனால் பிழைத்தேன் என்று அன்று டைரியில் எழுதினேன்.

அடிபட்ட முழங்கை பத்து நாளில் ஆறியது. ஸ்கூட்டரை மட்டும் எடுக்க முடியவில்லை. சாவியைக் கையில் எடுத்தால் விரல்கள் குளிர்ந்துபோகும். பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் போக ஆரம்பித்தேன். ஏழு வீடு மூன்று வீடானது. டைரியில் தினமும் கடைசி வரியாக, 'பயம்: இருந்தது' என்று எழுதினேன். குழாய்ச் சீட்டில் எழுதுவதுபோல அத்தனை ஒழுங்காக எழுதினேன். எழுதி என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை. வண்டியை விற்றுவிடலாமா என்று கணவர் இரண்டு முறை கேட்டார். நிலையத்தை நடத்தும் அம்மா என்னைத் திட்டக்கூட இல்லை. அடுத்த மாதத்திலிருந்து வீடுகளுக்குப் போக வேறொரு பெண்ணை வைத்துக்கொள்ளலாம், நீங்கள் உள்ளே உட்கார்ந்து சீட்டு எழுதுங்கள் என்று கனிவாகச் சொன்னார். அது எனக்கு அதிகம் வலித்தது. நடந்துகொண்டிருந்த மாதம் முடிய இன்னும் பதினோரு நாள் இருந்தது.

இந்த நிலையில்தான் அந்த வியாழக்கிழமை அந்தத் தெருவில் போய் நின்றேன். சர்க்கரை பார்க்க வேண்டும் என்று போன் செய்திருந்த அம்மாள் வாசலில் நின்றிருந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். உயரம் கம்மி, குரல் பெரிது. பரிசோதனை அவருக்கு இல்லையாம், அவருடைய கணவருக்காம். கணவருக்குத் தலைசுற்றலும் தாகமும் ஆறு மாதமாக இருக்கிறது, ஊசி என்றால் ஓடிவிடுகிறார், இன்றைக்கும் ஓடிவிட்டார் என்றார்.

"எங்க ஓடப்போவுது? துறைமுகத்துக்கு லைன்ல நிக்கிது வண்டி. ராத்திரிலேர்ந்து ஒரு அடி நவுரல. அதுல போயி குந்திகினுகீது. வா யக்கா, நான் இட்டுகினு போறேன்."

என்ன வண்டி என்று நான் கேட்கவில்லை. தெரு முனையில் திரும்பியதும் தெரிந்தது.

அன்று கடலிலிருந்து பனி ஏறி வந்து சாலையை மூடியிருந்தது. சாலையின் கடலோரப் பக்கத்தில், தெற்கே பார்த்தபடி, டிரெய்லர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அருகில் இருப்பவை சிவப்பும் நீலமுமாகத் தெரிந்தன. தள்ளிப் போகப் போக நிறம் வெளுத்து, கடைசியில் பனியில் கரைந்திருந்தன. எஞ்சின் எதுவும் ஓடவில்லை. அலை கல்லில் மோதும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு பெரிய மிருகக் கூட்டம் நின்றபடி தூங்குகிற இடத்துக்குள் நடப்பதுபோல இருந்தது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அந்த அம்மாள் முன்னால் நடந்தார். ஐஸ் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன்.

அவருடைய கணவரின் லாரி நீல நிறம். கதவைத் தட்டினார். மேலே கண்ணாடி இறங்கி, மீசை வைத்த ஒரு முகம் எட்டிப் பார்த்தது. என் பெட்டியைக் கண்டதும் முகம் உள்ளே போய்விட்டது.

"நாப்பதடி கன்டெய்னரு பொட்டிய இஸ்துகினு போற, ஒரு அங்குல ஊசிக்கு ஒளியுறியே. கதவத் தொற. காலங்காத்தால பேஜாரு பண்ணாத" என்றார் அந்த அம்மாள்.

மூன்று படி ஏற வேண்டும். எப்படி ஏறினேன் என்று தெரியாது. உள்ளே ஒரு சிறிய அறை போலத்தான் இருந்தது. பின்னால் படுக்கப் பலகை, ஒரு போர்வை, தண்ணீர்க் குடம், டீ போட ஒரு சின்ன அடுப்பு. அந்த அம்மாள் பலகையில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் இடப் பக்க இருக்கையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். லாரிக்காரர் அரைமனதாகக் கையை நீட்டினார். ரப்பர் கட்டினேன். நல்ல நரம்பு. அந்த நேரம் பக்கத்துத் தடத்தில் ஒரு லாரி எங்களை உரசுவதுபோலக் கடந்து போனது. இருக்கை அதிர்ந்தது. என் கை நடுங்க ஆரம்பித்தது. லாரி போன பிறகும் நிற்கவில்லை. இருபத்திரண்டு வருடத் தொழிலில் இப்படி நடந்ததில்லை.

அவர் என் விரல்களைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். "யக்கா, உனுக்கே கை ஆடுது. ஆடுற கைல நான் குத்திக்க மாட்டேன்."

நியாயமான பேச்சு. ரப்பரை அவிழ்த்தேன். அழுகை வந்துவிடும்போல இருந்தது. அதைத் தடுக்க, நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். மழை, டயர், சாவி, அடுத்த மாதம் வரப்போகும் புதுப் பெண் என எல்லாவற்றையும். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டே கேட்டார். எந்தப் பக்கம் விழுந்தாய் என்று ஒன்றே ஒன்று கேட்டார். இடப் பக்கம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, தன் இருக்கையிலிருந்து எழுந்து ஒதுங்கி என்னை அங்கே உட்காரச் சொன்னார். பிறகு மனைவியிடம், இறங்கி வண்டியைச் சுற்றி ஒரு சுற்று வரச் சொன்னார்.

"கோயிலா இது, சுத்தி வர?" என்றார் அவர். ஆனாலும் இறங்கினார்.

நான் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். முன்னால் பெரிய கண்ணாடி, அதற்கு அப்பால் பனி. கடலுக்கும் வானத்துக்கும் நடுவில் கோடே இல்லை. துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கப்பல்களின் விளக்குகள் மட்டும் அந்தரத்தில் மாட்டி வைத்ததுபோல மங்கலாகத் தெரிந்தன. அந்த அம்மாள் கதவோரமாக நடந்து முன்பக்கம் வந்தார். வந்ததும் காணாமல் போனார். தலைகூடத் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது. பால் வாங்கவில்லை, அடுப்பில் உலை கிடக்கிறது, இந்த ஆளைக் கட்டிக்கொண்டதிலிருந்து இதே வேலை என்று அந்தக் குரல் எங்கள் காலுக்கடியில் வலமிருந்து இடமாகப் போய்க்கொண்டிருந்தது. உடம்பே இல்லாத ஒரு பெண் பனிக்குள் நின்று புலம்புவதுபோல.

"இப்ப எங்க கீறா, சொல்லு" என்றார் லாரிக்காரர்.

தெரியவில்லை என்றேன்.

"எனுக்கும் தெரியாது. பதினெட்டு வருசமா வண்டிய எடுக்கறப்பலாம், எவளோ ஒருத்தி அங்க நிக்கிறானு நெனச்சிதான் எடுக்கறேன். ஒருநாளும் பயம் வுட்டுப் போவல. அது போயிட்ச்சினா, அன்னிக்கி நான் எறங்கிடணும்."

இவ்வளவு நாளும் நான் பயந்துகொண்டிருந்த அந்த உயரத்தில் உட்கார்ந்து ஒருவர் என்னை நினைத்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறார். இது என் கணக்கில் எங்குமே இல்லை.

குரல் இடப் பக்கம் நகர்ந்து, பிறகு அதுவும் கேட்கவில்லை. அவர் இடப் பக்கம், பின்னால் வருவது தெரிகிற கண்ணாடியைக் காட்டினார். சற்று நேரம் அதில் வெறும் சாலையும் கருங்கல்லும். பிறகு, வண்டியின் வால் பக்கம் தள்ளிப் போய், அந்த அம்மாள் சின்னதாக அதில் முளைத்தார். எங்களைப் பார்த்துக் கையை ஆட்டி ஏதோ திட்டினார்.

"கண்ணாடில எம்மூஞ்சி உனுக்குத் தெர்லனா, உன் மூஞ்சி எனுக்குத் தெர்யாது. அவ்ளோதான் யக்கா. மூஞ்சி தெரியற வரிக்கும் நில்லு. தெரிஞ்சா வா."

இருக்கையை மாற்றிக்கொண்டோம். அவராகவே கையை நீட்டினார். வழக்கமாக நான் எல்லோரிடமும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். அன்று அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. மூடியைக் கழற்றி ஊசியைக் காட்டினேன். எந்த இடத்தில் நுழையும், எவ்வளவு உள்ளே போகும், இரண்டு குழாய் நிரம்ப எத்தனை எண்ண வேண்டும் என்று சொன்னேன். வியர்த்த முகத்தோடு அவர் அதையே உற்றுப் பார்த்தார். குத்தினேன். கை அசையவில்லை. அவருடையதும், என்னுடையதும்.

முதல் குழாயில் ரத்தம் ஏறிய அதே நேரம், முன்னால் நின்ற லாரி நகர்ந்தது. பின்னால் இருந்து ஹாரன் அடித்தார்கள். ஒன்று, பிறகு நாலைந்து. சாலை முழுவதும் விழித்துக்கொண்டது. ராத்திரியெல்லாம் காத்திருந்த இடம். விட்டால் வேறொருவன் நுழைந்துவிடுவான். அவர் சாவிப் பக்கம் பார்த்தார், ஊசியைப் பார்த்தார், அப்படியே இருந்தார். கீழே அவர் மனைவி பின்னால் நிற்கிறவரிடம், "கொஞ்சம் கம்னு இரு நைனா, உள்ள ஆபரேசன் நடக்குது" என்று சொல்வது கேட்டது. இரண்டாவது குழாயும் நிரம்பியது. பஞ்சை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். சீட்டில் நேரம் எழுதினேன்: ஏழு இருபத்தாறு.

பஸ் எதுவும் வருகிற நிலையில் சாலை இல்லை. அவரே என்னைத் திருவொற்றியூரில் இறக்கிவிடுவதாகச் சொன்னார். மார்க்கெட்டுக்குப் போவதாகச் சொல்லி அந்த அம்மாளும் ஏறிக்கொண்டார். ரொம்ப நாளாயிற்று இதில் ஏறி என்றார். உலை என்னவாயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

அந்தப் பயணத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மனிதர் நடக்கிற வேகத்தில்தான் போனோம். எஞ்சின் அடியில் ஒரே சுருதியில் முனகியது. இடப் பக்கம் கடல் பனிக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கீழே ஹெல்மெட்டுகள், மீன் கூடைகள், ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் ரிப்பன் எல்லாம் தண்ணீருக்கடியில் தெரிகிறவைபோல எங்களைக் கடந்து மிதந்தன. எர்ணாவூர் தாண்டியதும் இடப் பக்கக் கண்ணாடியில் ஒரு ஸ்கூட்டர் தெரிந்தது. ஒரு பெண். பெரிதாகிக்கொண்டே வந்தாள். பிறகு இல்லை.

"தோ, ஒருத்தி பூந்துட்டா" என்று மெல்லச் சொல்லி அவர் பிரேக்கை மிதித்தார். லாரி நின்றது. பின்னால் ஹாரன் அலறியது. அவர் அசையவில்லை. நாங்கள் மூவரும் முன்னால் குனிந்து பார்த்தோம். முன் கண்ணாடியின் கீழ் விளிம்பிலிருந்து முதலில் தலைப்பூவும் பிறகு தோளும் வெளிவந்தன. அவள் திரும்பிப் பார்க்காமல் பனிக்குள் போய்விட்டாள். தனக்காக ஒரு லாரி நின்றது அவளுக்குத் தெரியாது.

அன்று மாலை பழைய டைரியை எடுத்தேன். எழுதியதை நான் ஒருபோதும் திருத்துவதில்லை. ஆனால் ஐப்பசி மாதத்து அந்தப் பக்கத்தில், 'முன்னால் நெரிசல் இருந்ததால் லாரி நின்றது' என்ற வரிக்குப் பக்கத்தில், ஒரு கேள்விக்குறி போட்டு அன்றைய தேதியை எழுதி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்கூட்டரை வெளியே எடுத்தேன். பேட்டரி இறங்கியிருந்தது, பதினான்கு உதை வாங்கிக்கொண்டுதான் கிளம்பியது. விரல்கள் அப்போதும் குளிர்ந்துதான் இருந்தன. சாலையில் ஒரு டிரெய்லருக்குப் பின்னால், இடப் பக்கம் போகாமல், தள்ளி நின்று அதன் கண்ணாடியைப் பார்த்தேன். வானம் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் வலப்புறமாக நகர்ந்தேன். கண்ணாடிக்குள் வாயில் பல்குச்சியோடு ஒரு இளைஞனின் முகம் வந்தது. அவனும் என்னைப் பார்த்தான். ஜன்னலுக்கு வெளியே இரண்டு விரலை அசைத்து, போ என்றான். போனேன்.

அந்த மாதக் கடைசியில் ஆறு வீடு முடித்தேன். புதுப் பெண்ணைப் பற்றி நிலையத்து அம்மா பிறகு பேசவில்லை. நீல லாரிக்காரரின் பரிசோதனை முடிவு என்ன வந்தது என்று இங்கே எழுதுவது முறையல்ல. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவரே எங்கள் நிலையத்துக்கு வந்து கையை நீட்டுகிறார், ஊசியை முதலில் காட்டச் சொல்கிறார் என்பதை மட்டும் சொல்லலாம்.

டைரியில் 'பயம்: இருந்தது' என்ற வரியை இன்றும் எழுதுகிறேன், எந்த இடத்தில், எந்த வண்டியின் அருகில் என்றும் சேர்த்து. பின்னால் நின்று, அந்தக் கண்ணாடிக்குள் ஒரு மனித முகம் வருவதற்காக நான் காத்திருக்கும் இரண்டு மூன்று நொடிகள் இருக்கின்றனவே, அவற்றைத்தான் இப்போது நான் பயம் என்று எழுதுகிறேன்.