தனக்கோடி அண்ணி வாபஸ் வாங்கிய பிராது

அன்று வெள்ளிக்கிழமை. சாமி மாடத்தைத் துடைத்து விளக்கேற்றப் போகும்போது போன் அடித்தது. பீங்கான் கம்பெனியில் அண்ணியோடு பொம்மை அடுக்கிய தட்டுச் சுமக்கும் ராணி பேசினாள்.

"அக்கா, ஒங்க நாத்தனாரு லாரிக்காரன திட்டிக்கிட்டு இருந்தாங்க. திட்டு பாதியில நின்னுபோச்சு. வுழுந்துட்டாங்க. வெரசா வாங்க."

நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணியைக் கம்பெனி வாசலில் களிமண் மூட்டைகளின் மேல் கிடத்தியிருந்தார்கள். உயிர் இல்லை. வலது கை மட்டும் இறுக மூடியிருந்தது. விரல்களைப் பிரித்தேன். உள்ளே ஒரு சட்டைப் பொத்தான் இருந்தது. சுமை தூக்கும் பெண் ஒருத்தியை அந்த டிரைவர் நெட்டித் தள்ளினானாம். அதற்காகப் பிடித்த சட்டை.

என் கணவரின் அக்கா தனக்கோடி அம்மாள் இப்படித்தான் போனார். காரியத்துக்கு வருகிறவர்களில் அவரை அறிந்தவர்களும் உண்டு, அறியாதவர்களும் உண்டு. எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். வீட்டு வரவு செலவை எழுதி எழுதியே எழுத்துப் பழகியவள் நான். ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் கணக்கு நேராகாது. ஆகவே அண்ணி யாரையெல்லாம் அடித்தார் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் அடி வாங்கியது என் கணவர். கல்யாணமான புதிதில் ஒரு நாள் நான் பூஜையை முடித்துச் சோறு போடத் தாமதமாகிவிட்டது. அவர் தட்டைக் காலால் எத்தினார். பக்கத்து வீட்டிலிருந்த அண்ணிக்கு அந்தச் சத்தம் எப்படிக் கேட்டதோ, வந்து நின்றார். அடுப்பிலிருந்த அகப்பையை எடுத்துத் தம்பியின் முழங்கையில் போட்டார். கை வீங்கிவிட்டது. பிறகு என் பக்கம் திரும்பி எனக்கும் ஓர் அறை விட்டார். "நீ எதுக்குடி அழுவுற? தட்டத் திருப்பி எத்தத் தெரியாதா?" அதன் பிறகு எங்கள் வீட்டில் தட்டு தரையில்தான் இருந்தது, காலில் படவில்லை.

சோற்றுத் தட்டு எத்திய சத்தம் கேட்டதே அதிசயம்தான். அண்ணிக்கு இடது காது கேட்காது. மண் அரைக்கும் பெரிய உருளையின் பக்கத்திலேயே பல வருஷம் நின்று வேலை பார்த்ததில் போன காது. அதனால் அவர் பேசினால் தெருமுனை வரை கேட்கும். நாம் மெதுவாகச் சொன்னால், "வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கிற? சத்தமா சொல்லு" என்பார்.

அந்த உருளைதான் அவருடைய கணவர் ராமலிங்கம் அண்ணனையும் கொண்டுபோனது. உருளைக்குள் கூழாங்கற்கள் கிடக்கும். அது சுற்றச் சுற்ற மண் மாவாகும். அவ்வப்போது ஓர் ஆள் உள்ளே இறங்கி ஒட்டிய மண்ணைச் சுரண்ட வேண்டும். அண்ணன் உள்ளே இருந்தபோது உருளை சுற்றிவிட்டது. நிறுத்தித் திறந்தபோது வெள்ளைக் களிமண் சிவந்துபோயிருந்தது. அண்ணனைத் துண்டில் கட்டித்தான் கொடுத்தார்கள்.

சுவிட்சு யார் போட்டது என்று கேள்வி வந்தது. சூப்பர்வைசர் தெய்வசிகாமணி, "மோட்டாரு தானா ஓடிடுச்சு. அவரு குடிச்சிருந்தாரு, யாருகிட்டயும் சொல்லாம எறங்கிட்டாரு" என்று போலீசில் சொன்னார். அப்படியே எழுதிக்கொண்டார்கள். ராமலிங்கம் அண்ணன் சாராயம் தொட்டவர் இல்லை. கிருத்திகை தவறாமல் விரதம் இருந்தவர். அண்ணி கம்பெனிக்குள் புகுந்து, காய வைத்திருந்த பொம்மை அச்சு ஒன்றைத் தூக்கிச் சிகாமணியின் நெற்றியில் அடித்தார். அச்சு இரண்டாகப் பிளந்தது. நெற்றியும் பிளந்தது. தழும்பு இன்றும் இருக்கிறது. போலீஸ் அண்ணியைப் பகல் முழுக்க உட்கார வைத்து, தாலியறுத்தவள் என்று சாயங்காலம் விட்டுவிட்டார்கள்.

அங்கிருந்து நேராக என்னிடம் வந்தார். "பிராது எழுதணும். வா."

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் கோர்ட்டில் கிடைக்காத நியாயத்தை மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் கேட்போம். யார் மேல் என்ன குறை என்று காகிதத்தில் எழுதி, கட்ட வேண்டிய பணத்தைக் கட்டி, முனியப்பர் சந்நிதி வேலில் கட்டிவிட வேண்டும். சாமி விசாரிக்கும். குறை தீர்ந்தால் மறக்காமல் வந்து வாபஸ் வாங்க வேண்டும். அதுவரை பிராது நிற்கும். யார் மேல் நிற்கிறதோ அவர்கள் வீட்டில் நிம்மதியாகத் தூங்க மாட்டார்கள்.

அண்ணி சொல்லச் சொல்ல எழுதினேன். "எம் புருஷன் குடிக்கல. குடிச்சான்னு சொன்ன வாயி கோணிக்கணும். அவன் பொண்டாட்டி என்ன மாதிரி தெருவுல உருண்டு அழுவணும்." எழுதியதை வாங்கிப் பார்த்தவர், "என்னாடி எறும்பு மாதிரி எழுதியிருக்கிற? சாமிக்குக் கேக்குற மாதிரி பெருசா எழுது" என்றார். பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகும் அதே கம்பெனியில்தான் வேலை. தினமும் சிகாமணி எதிரே வந்தால் காறித் துப்பிவிட்டுத் தட்டைத் தூக்குவார். ஒருமுறை சிகாமணி வண்டியிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டார். அவர் மனைவி வசந்தா ஓடிவந்து, பிராதை எடுத்துவிடச் சொல்லிக் காலில் விழுந்தாள். அண்ணி பாத்திரம் கழுவிய தண்ணீரை அவள் தலையில் ஊற்றினார். "ஒம் புருஷன் வாயத் தொறந்து உண்மையச் சொல்லட்டும். அப்புறம் வா."

எங்கள் மகள் பாலாம்பிகைக்கு நான்கு வயதில் காய்ச்சல் வந்தது. விட்டு விட்டு வந்தது. உடம்பெல்லாம் யாரோ கிள்ளிவைத்தது போலக் கறுப்புக் கறுப்பாகத் தடம். நாங்கள் தெருக்கோடி கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டிருந்தோம். அண்ணி ஒரு நாள் பிள்ளையின் முதுகைப் பார்த்துவிட்டு, என்னைச் சுவரில் வைத்து அழுத்தினார். "புள்ளைய அடிச்சியா?" இல்லை என்றேன். என் கண்ணையே பார்த்தார். பிறகு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு புதுச்சேரி பஸ்ஸில் ஏறிவிட்டார். நாங்கள் பின்னால் ஓடினோம். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தப் புற்றுநோய் என்றார்கள்.

மருந்து ஏற ஏறப் பிள்ளையின் முடி தலையணையில் வந்தது. பிறகு மூக்கிலும் ஈறிலும் ரத்தம் கசியத் தொடங்கியது. துணி வைத்துத் துடைத்தால் துணி நனைந்தது. வேறு துணி எடுத்தேன், அதுவும் நனைந்தது. ரத்தத் தட்டணு உடனே ஏற்ற வேண்டும், பி நெகட்டிவ் ஆள் கொண்டுவாருங்கள் என்றார் டாக்டர். தெரிந்தவர்களிடமெல்லாம் கெஞ்சினோம். போனில் செய்தி போட்டோம். விருத்தாசலத்து மாதா கோயிலில் பூசை முடிந்ததும் ஃபாதர் சொல்ல, பையன்கள் வேன் எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஒருவரைத் தவிர மற்றவர்கள் பிரிவு சேரவில்லை. சேர்ந்த அந்த ஒருவரையும் மஞ்சள்காமாலை வந்தவர் என்று திருப்பிவிட்டார்கள். என் கணவரை வார்டில் விட்டுவிட்டு நானும் அண்ணியும் ஆள் தேட ஊருக்குத் திரும்பினோம். ஊர் வந்ததும் சொன்னார்.

"சிகாமணி அந்தப் பிரிவுதான். நெஞ்சுல தொங்குற அட்டையில போட்டிருக்குது. தெனம் பாத்துட்டுத்தானே துப்புறேன்."

நேரே சிகாமணி வீட்டுக்குப் போனோம். அவர் லுங்கியோடு வாசலுக்கு வந்தார்.

"ஒன் ரத்தம் வேணும். சட்டையப் போடு" என்றார் அண்ணி.

"யாருக்கு?"

"எந் தம்பி புள்ளைக்கி. மூக்குல ஊத்துது. நீயா வரியா, இழுத்துக்கிட்டுப் போவட்டுமா?"

அவர் சட்டை எடுக்க உள்ளே திரும்பினார். வசந்தா வாசல் நிலையில் குறுக்கே கை நீட்டி நின்றாள். "ஒங்க பிராது இவரு மேல நிக்கிது. ஊசி குத்திப் படுத்தாருன்னா எழுந்திரிக்க மாட்டாரு. எடுத்துட்டு வாங்க, நானே கூட்டியாறேன். இல்லன்னா என்ன வெட்டிப் போட்டுட்டுக் கூட்டிம்போங்க."

அண்ணி அவள் கூந்தலைப் பிடித்துச் சுற்றினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிடியை விட்டுவிட்டுத் தெருவில் இறங்கி என்னைக் கூப்பிட்டார். "ஏ மங்க, ஆட்டோவ நிறுத்து."

கோயிலில் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் கேட்டேன், "என்ன எழுதட்டும் அண்ணி?"

"தீந்துபோச்சுன்னு எழுது."

"தீரலையே."

"எழுதுடி."

அங்கிருந்த கோயில்காரர் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார், "கொற தீந்துடுச்சாம்மா?" அண்ணிக்குக் கேட்கவில்லை. அவர் குரலை உயர்த்தி மறுபடி கேட்டார். வரிசையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி தன் வாயில் தானே அறைந்துகொண்டார். உதடு கிழிந்தது. "தீந்துடுச்சி" என்றார்.

வேலின் அடியில் நெற்றியை மோதினார். நான் பிடித்து இழுத்தும் மோதினார். "கேட்டது எதுவும் வேணாம். அந்தப் புள்ளைய வுட்டுடு. வுடலன்னா மறுபடி வருவேன். அப்ப ஒம் மேலயே பிராது கட்டுவேன்." சாமியை மிரட்டிக் கும்பிட்ட ஒருவரை நான் அன்றுதான் பார்த்தேன். மன்னித்துக்கொள் அப்பனே என்று அவருக்கும் சேர்த்து நான் விழுந்து கும்பிட்டேன்.

வசந்தா சொன்ன சொல் தவறவில்லை. கணவரோடு அவளும் புதுச்சேரிக்கு வந்தாள். சிகாமணியை மிஷினில் படுக்க வைத்தார்கள். வெகு நேரம் கழித்து நர்ஸ் பையோடு வெளியே வந்தார். பையில் இருந்தது மஞ்சள் நிறம். அண்ணி பார்த்தார். "ரத்தம் கேட்டா மஞ்சத்தண்ணி குடுத்திருக்கான், துரோகி" என்று கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். தட்டணு அந்த நிறத்தில்தான் இருக்கும் என்று நர்ஸ் அவர் வலது காதில் கத்த வேண்டியிருந்தது.

பிள்ளைக்கு ஏற்றினார்கள். சாயங்காலம் மூக்கில் வைத்த பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. அண்ணி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கீழே இறங்கி, டீக்கடையில் நின்ற சிகாமணிக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். அவர் பாதி குடிக்கும்வரை பொறுத்திருந்து கன்னத்தில் ஓங்கி அறைந்தார். டீ சட்டையில் கொட்டியது.

"சாமிகிட்ட இருந்த கேஸத்தான் எடுத்தேன். எங்கிட்ட இருக்கிறது இருக்குது. அவரு குடிச்சாரா? சொல்லு."

சிகாமணி சட்டையைத் துடைத்துக்கொண்டார். குனிந்து, மிச்ச டீயைக் குடித்தார். அதன் பிறகும் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடும்போதெல்லாம் வந்தார். "வந்துட்டியா நாயே" என்றுதான் அண்ணி வரவேற்பார். ஊசி எடுத்ததும் அவித்த முட்டையை அவர் கையில் திணிப்பார். "தின்னு. அடுத்த தடவைக்கு ஊறணும்."

பாலா பிழைத்தாள். மருந்தெல்லாம் நிறுத்தியாகிவிட்டது. முடி சுருள் சுருளாக முளைத்திருக்கிறது. இப்போது நான்காம் வகுப்பு. அத்தையிடமிருந்து அதட்டலை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அண்ணியைக் குளிப்பாட்டிப் பாடையில் வைத்த நேரம். வேலையிலிருந்து நின்றுவிட்ட சிகாமணி, வசந்தாவோடு வந்து பந்தலுக்கு வெளியே நின்றார். யாரும் வா என்று சொல்லவில்லை. தானாகவே உள்ளே வந்து அண்ணியின் இடது கால் பக்கம் நின்று, உதடு அசைய ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பாலா நிமிர்ந்து பார்த்தாள். "மாமா, அத்தைக்கு அந்தக் காது கேக்காது. இந்தப் பக்கம் வந்து சத்தமா சொல்லுங்க."

அவர் சுற்றி வந்து வலது பக்கம் குனிந்தார். "ராமலிங்கம் குடிக்கலம்மா" என்றார். "சுவிச்சு போட்டது நான். உள்ள ஆள் இருக்குதான்னு பாக்காமப் போட்டேன்." குரல் உடைந்து, பிறகு கத்தலாக வந்தது. "அவரு குடிக்கல."

பறையடித்தவர்கள் கையை நிறுத்தினார்கள். தெருமுனையில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

கேட்டிருக்கும் அண்ணி. போயிட்டு வாங்க.