அப்பா இல்லாத பத்தி

பிள்ளை எழுதிய உண்மையை அழிக்கச் சொல்லலாமா? எனக்குத் தெரியவில்லை.

இன்று பூக்காரம்மா கூடையிலிருந்து வந்த மல்லிகை வாசனையில், பேகம்பூரில் நான் படித்த, இப்போது கடைகளாகிவிட்ட ஓட்டுப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. டீச்சர் தன் தலையிலிருந்து ஒரு பூவைக் கிள்ளி வகுப்பில் கைக்குக் கை சுற்றிவர விட, முகர்ந்து முகர்ந்து ஆளுக்கொரு வரி சொல்வோம், கரும்பலகையில் அது பத்தியாக வளரும். "எனக்குத் தும்மல் வருது டீச்சர்" என்றேன். "அதுவும் வரிதாண்டி" என்று எழுதிப் போட்டார்.

என் மகளுக்கு அவள் பள்ளியில் 'என் குடும்பம்' என்று அச்சடித்த பத்தியைத் தந்து, அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அதில் அப்பா தினமும் வேலைக்குப் போகிறார். அவளோ, "அப்பா செத்துட்டாங்க. அம்மா குளிக்கும்போது அழுவாங்க" என்று எழுதியிருக்கிறாள்.

"மார்க் போயிரும், அழிச்சிரு பாப்பா" என்றேன்.

"நீ அழுகுறது எனக்குக் கேக்குதும்மா" என்றாள்.

நாளை நோட்டைக் கொடுத்தாக வேண்டும். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள், சொல்லுங்கள்.