ஒரே ஒரு கை

மாமல்லபுரத்தில் கடலோர விடுதி ஒன்றில் துப்பறியும் கதைக்காரர்கள் வருஷா வருஷம் கூடுவோம். எழுதுகிறவர்கள் கொஞ்சம், வாசகர்கள் நிறைய. அங்கே ஒரு வழக்கம் உண்டு. இன்னும் அச்சாகாத நாவலில் பாதியை எழுதியவரே மேடையில் வாசிக்க வேண்டும். முடித்ததும் ஒவ்வொரு பாத்திரமாகப் பெயர் சொல்வார்கள். கொலைகாரன் என்று யாரை நினைக்கிறோமோ அந்தப் பெயருக்குக் கை தூக்க வேண்டும். போன மாதம் மேடை ஏறியது நான்.

என் பதிப்பாளர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் பாதிப் பேர் கண்டுபிடித்துவிட்டால் இந்த நாவலைப் போடுவதாக இல்லை என்று காலை டிபனின்போதே சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னால் செய்துவிடுவார். இரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய நாவல்.

என் மனைவியும் வந்திருந்தாள். செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையில் பில் போடும் வேலை அவளுக்கு. சனிக்கிழமை லீவு கிடைத்தது, கடலைப் பார்த்து நாளாயிற்று, மதியம் சாப்பாடும் உண்டு. அதனால் வந்தாள். நான் எழுதிய எதையும் அவள் முழுதாகப் படித்ததில்லை. நாலு பக்கத்தில் தூங்கிவிடுவாள். அதைப் பெருமையாக வேறு என் நண்பர்களிடம் சொல்வாள்.

கதை இதுதான். திருக்கழுக்குன்றத்தில் அரிசி மண்டி வைத்திருக்கும் அண்ணன் வீட்டில் இறந்துகிடக்கிறார். கொன்றவன் தம்பி. ஆனால் அந்த நேரத்தில் அவன் நாவலூரில் தன் ஐடி அலுவலகத்தில் இருந்ததாக மூன்று சாட்சி வைத்திருந்தேன். எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும். யார் எப்போது எங்கே இருந்தார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் ஆளைப் பிடிப்பார்கள். நான் வாசிக்க வாசிக்க, ஒருவர் போனில் மேப்பைத் திறந்து நாவலூரிலிருந்து திருக்கழுக்குன்றத்துக்கு எவ்வளவு நேரமாகும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும் என்று உள்ளுக்குள் சந்தோஷம்.

வாசித்து முடித்தேன். டிரைவர் பெயருக்குக் கைகள் எழுந்தன. மண்டிப் பங்குதாரருக்கு அதைவிட நிறைய. டாக்டருக்குக்கூடக் கொஞ்சம். தம்பி பெயரைச் சொன்னபோது அரங்கத்தில் ஒரே ஒரு கை எழுந்தது. கடைசி வரிசையில், என் மனைவியின் கை.

பதிப்பாளர் வந்து கையைக் குலுக்கி, உடனே அச்சுக்கு அனுப்பிவிடலாம் என்றார். துள்ளிக் குதித்திருக்க வேண்டும். எனக்கோ சப்பென்று ஆகிவிட்டது. சாப்பாட்டு வரிசையில் ஆளாளுக்கு வந்து பாராட்டியது காதில் விழுந்ததே தவிர மனதில் ஏறவில்லை.

சாயங்காலம் பஸ் ஏறுமுன் கடற்கரையில் கொஞ்சம் நடந்தோம். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். சும்மா தூக்கினேன் என்று மழுப்பினாள். நான் விடவில்லை.

"அண்ணங்காரன் அவ்ளோ திட்டறான். இவன் ஒண்ணுமே சொல்லல. எழுந்து போயி காபி போட்டாந்து குடுத்து, மாத்திரை போட்டியான்னு கேக்கறான். எனுக்கு அப்பவே திக்குனு ஆயிடுச்சி."

அதில் என்ன இருக்கிறது, நல்ல தம்பிதானே என்றேன்.

"நீங்களும் அப்டித்தான். கோவம் வந்தா கத்த மாட்டீங்க. சாப்ட்டியா, தலை வலிக்குதா, தைலம் எடுத்தாரட்டுமான்னு கேட்டுகினே இருப்பீங்க. வூட்ல நாலு நாளு அப்டியே போவும். இன்னா தப்பு பண்ணோம்னு தெரியாம நான் பயந்துகினு இருப்பேன்."

அந்தத் தம்பியை எங்கிருந்து எடுத்தேன் என்று அதுவரை எனக்கே தெரியாது. முழுக்கக் கற்பனை என்றுதான் நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. கூடவே சுர்ரென்று கோபமும் ஏறியது. பொறுமைசாலி என்று அவள் வீட்டாரிடமே பெயர் வாங்கியவன் நான். அதைப் பார்த்துப் பயந்தேன் என்கிறாளே. மணலைத் தாண்டிச் சாலைக்கு வந்தோம். சாலையோரம் இளநீர் வண்டி ஒன்று நின்றது.

"இளநீர் குடிக்கிறியா?" என்று கேட்டேன். குரல் அத்தனை இதமாக வந்தது.

அவள் நின்றுவிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். "கோவமா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வரவில்லை.

"ஆமா. கோவந்தான்" என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளிடம் அதை வாயால் சொன்னது அன்றுதான்.

"அப்ப வாங்குங்க, குடிக்கலாம்" என்றாள்.