ஒட்டவைத்த நீலப் பூ

வெரோனா நகரில் வைத்தியர் ஃபிராகானின் நூலகத்தில் காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டுவதுதான் ஸுவானாவின் பிழைப்பு. புருஷன் செத்துப்போன பிறகு அந்த மாவுப்பசைக் கிண்ணம்தான் அவளுக்குச் சோறு போட்டது.

வைத்தியரிடம் ஒரு பிடிவாதம். வேர், இலை, பூ மூன்றில் ஒன்று குறைந்த பக்கம்கூட அவருடைய செடிப் புத்தகத்தில் இருக்கக் கூடாது. பூவைப் பூச்சி தின்றால் திட்டு ஸுவானாவுக்கு. பூச்சியைத் திட்ட முடியுமா என்ன! ஒருநாள், பால்தோ மலையில் யாரோ எப்போதோ பறித்த பழைய செடி ஒன்று பூவில்லாமல் மொட்டையாக இருந்தது. உதிரிக் கூடையில் கிடந்த வேறொரு செடியின் நீலப் பூவை எடுத்து அதன் காம்பில் ஒட்டிவிட்டாள். அழகாகத்தான் இருந்தது, பாழாய்ப்போன பூ.

வைத்தியர் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்தார்.

"இந்த இலைக்கு இந்தப் பூவா! பழைய புத்தகம் ஒண்ணுலயும் இல்லையே! பாதுவா பல்கலைக்கழகப் பேராசிரியனுங்க மோப்பம் பிடிக்கறதுக்கு முன்னாடி நான் அச்சுல போட்டாகணும். உயிரோட ஒரு செடி வேணும்."

அப்போதே சொல்லியிருக்கலாம். வேலை போய்விடுமே என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

தேடப் போனவன் அவள் கொழுந்தன் போர்த்தொலோ. மூலிகை பறிப்பதுதான் அவன் தொழில். கோடை முழுக்க அலைந்துவிட்டு வெறுங்கையோடு வந்தான்.

"மலையில தேடினியா, ஒயின் கடையில தேடினியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார் வைத்தியர்.

"நான் ஏறாத பாறை ஒண்ணு பாக்கி இருக்குய்யா. அதையும் பாத்துடறேன்," என்றான் அவன், முகம் செத்துப்போய்.

ஸுவானா அங்கேயே பசை கிண்டிக்கொண்டு நின்றாள். சொல்லித் தொலையடி என்று நெஞ்சு இடித்தது. பாவி, அப்போதும் சொல்லவில்லை.

அந்த வாரமே அவனை ஏணியில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். இடுப்புக்குக் கீழே அசைவே இல்லை.

இனியும் மறைத்தால் நான் மனுஷியே இல்லை என்று அழுதுகொண்டே அவன் கட்டிலருகே போனாள்.

"போர்த்தொலோ, அந்தச் செடி..."

"பாத்துட்டேன் அண்ணி!" அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "பாறை இடுக்குல, அதே இலை, அதே நீலப் பூ. எட்டிப் பறிக்கப் போய்தான் சறுக்கிட்டேன். வைத்தியர்கிட்ட சொன்னேன். 'குடிகாரன்னு நினைச்சுட்டேன்டா, மனசுல வச்சுக்காதே'ன்னு தலையைத் தடவினாரு. அச்சுல என் பேரும் வருமாம்!"

வேண்டுமென்றே பொய் சொல்கிறானா, வலியில் கனவு கண்டானா, அவளுக்குப் புரியவில்லை. அவன் முகத்தில் மட்டும் அத்தனை சந்தோஷம்.

"நீ என்னமோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்லடா. சூப்பு ஆறுது, குடி."

அதற்குப் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் போர்த்தொலோ அந்தப் பூவைப் பற்றித்தான் பேசுவான். ஸுவானா பக்கத்தில் உட்கார்ந்து, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவாள்.