குடைக்காரன் சொன்ன மழை

கல்முனையில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. பிளாஸ்டிக் வாளி, செருப்பு, குடை, மழைக்கோட்டு விற்கிறேன். அதனால் மழையைப் பற்றி நான் வாய் திறந்தால் யாரும் நம்புவதில்லை. நியாயம்தான். குடை விற்கிறவன் மழை வரும் என்றால் நானும் நம்பமாட்டேன்.

ஆனாலும் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் போனைத் தூக்கிப் பிடித்து வானிலை சொல்லும் பழக்கம் என்னை விடவில்லை. வயிறு பெருத்து, முடி கொட்டி, வேறு எதிலும் என்னை ஒருவரும் கணக்கெடுக்காத வயது. இதிலாவது விபரம் தெரிந்தவன் என்று பெயர் வரட்டும் என்ற ஆசை.

இந்தப் பெரும்போக அறுவடையில் என் மச்சான், தங்கையின் மாப்பிள்ளை, ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. அவருடைய வயல் ஊருக்கு மேற்கே, நன்றாக உள்ளே. அந்த ஒரு துண்டுதான் அவர்கள் வீட்டுக்கு வருசம் முழுக்கச் சோறு. வெள்ளாமை முழுதாகப் பழுக்கவில்லை. இன்னும் சில நாள் நின்றால் நல்ல நெல். ஆனால் வட்டை என்று நாங்கள் சொல்லும் அந்த வயல்வெளிக்கு வெட்டும் மெஷின் வந்துவிட்டது. முறையை விட்டால் அது அடுத்த வட்டைக்குப் போய்விடும். திரும்பி வரும்போதுதான் வெட்டலாம். என் போனோ நாளைமறுநாள் கனமழை என்றது. நூற்றுக்கு எழுபது.

தேத்தண்ணிக் கடையில் அதை அறிவித்தேன்.

“போன மாசம் புயல் எண்டானுகள்,” என்றார் மீன் வியாபாரம் செய்யும் காக்கா. அண்ணனையும் மூத்தவரையும் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். “தோணியெல்லாம் இழுத்து மேல போட்டம். மறுநாள் வெயில் பல்லக் காட்டிச்சி. அப்ப பொய்தானே?”

“பத்துத் தரம் சொல்லி ஏழு தரம் பெஞ்சா அது பொய்யா காக்கா? நீங்க பெய்யாத மூணத்தான் நெஞ்சில வெச்சிரிக்கீங்க.”

“நீ பெஞ்ச ஏழத்தான் வெச்சிரிக்காய். அண்டைக்குத்தானே குடை வித்த நீ!”

கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் சொன்னதும் சரிதான். அவரும் எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை. இருவரும் ஞாபகத்தை வைத்துக்கொண்டு சண்டை பிடித்தோம்.

“மழய எறக்குற அல்லாஹ்,” என்றார் கடைக்காரர், தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே. “போனுக்கு என்ன தெரியும்?”

“எறக்குற அல்லாஹ்தான். மேகம் எந்தப் பக்கம் நிக்கிதெண்டு பாக்கிறது ஹறாமா?”

கடைக்காரர் அடுத்த கோப்பையை ஆற்றப் போனார். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். வாங்கில் என் பக்கத்தில் குடித்துக்கொண்டிருந்த மச்சான் கோப்பையை வைத்தார்.

“நீங்க சொல்ற ஞாயம் சரி மச்சான். ஆனா உங்களுக்கு வயல் இல்ல. மழ வராட்டி நீங்க நாளைக்கி இஞ்ச வேற கத கதைப்பீங்க. பச்ச நெல்ல வெட்டிப்போட்டு நான் என்ன செய்யிற?”

முறையை விட்டுக்கொடுத்தார். மெஷின் போனது.

சொன்ன நாளில் மழை பெய்தது. எனக்கு முதலில் வந்தது, அல்லாஹ் மன்னிக்கட்டும், ஒரு சின்னச் சந்தோசம். கடையிலும் நல்ல கூட்டம். குடையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது தங்கச்சி போன் எடுத்தாள்.

“காக்கா, வெள்ளாம படுத்துட்டு.”

என் சந்தோசத்துக்கு அவ்வளவுதான் ஆயுள்.

மழை கொஞ்சம் ஓய்ந்ததும் மச்சான் கடைக்கே வந்தார். படுத்த பயிருக்குள், அந்தச் சேற்றில், மெஷின் இறங்காது. கையால்தான் அரிய வேண்டும். அரிவி வெட்ட ஆட்கள் பேசி வைத்திருந்தார். அவர் சொன்னால் நாளைக் காலை வருவார்கள்.

“நாளைக்கி எப்பிடியாம், மச்சான்?”

அவர் என்னை நம்பிக் கேட்டது அதுதான் முதல் தடவை. போனைப் பார்த்தேன். நாளையும் மறுநாளும் மழை, நூற்றுக்கு அறுபது.

“அறுபது எண்டா நிச்சயமில்ல. வெயிலும் எறிக்கலாம்,” என்றேன்.

“அண்டைக்கும் நிச்சயமில்ல எண்டுதானே மழய நம்பாம நான் இழுத்த. வெட்டிப்போட்ட கதிர் மழைல நனஞ்சா குவியலோட அழுகிரும். ஆக்கள மறிக்கிறன்.”

அவர் சொன்னதிலும் பிழை காண முடியவில்லை. ஆட்கள் வேறு வயலுக்குப் போனார்கள்.

அந்த இரண்டு நாளும் வெயில். அப்படியொரு வெயில். கல்முனை பஸார் முழுக்கக் கண்ணைக் கூச வைத்தது. வெளியே தொங்கிய குடைகளை உள்ளே எடுத்து வைத்தேன். பார்க்கவே வெட்கமாக இருந்தது. அதற்கு அடுத்த நாள் மழை திரும்பி வந்தது. ஆட்கள் திரும்பி வரவில்லை.

மழை விட்டதும் மச்சானோடு வயலுக்குப் போனேன். இரண்டு நாள் வெயிலில் சூடேறிய தண்ணீருக்குள் கிடந்த கதிர்கள் முளைத்திருந்தன. அவர் ஒரு பிடி அள்ளிக் காட்டினார். ஒவ்வொரு நெல்லிலிருந்தும் வெள்ளையாக வேர், நுனியில் பச்சை.

“ரெண்டு தரமும் நீங்க ஞாயமாத்தான் சொன்ன, மச்சான்,” என்றார்.

குத்தலாகச் சொல்லியிருந்தால் நல்லது. உண்மையாகவே சொன்னார். அறுபது என்றால் அதற்குள் நாற்பதும் இருக்கிறது என்ற பதில் என் வாயில் தயாராக இருந்தது. தேத்தண்ணிக் கடையென்றால் சொல்லியிருப்பேன், கைகூடத் தட்டியிருப்பார்கள்.

மேட்டுப் பக்கம், வரம்போரமாக, கொஞ்சம் பயிர் விழாமல் நின்றது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் இறங்கினேன்.

“மச்சான், நீங்க வெட்டாதீங்க, காலத்தான் வெட்டிக்குவீங்க. கட்டித் தாங்க.”

அவர் அரிந்தார், நான் கட்டினேன். வீட்டுக்கு இது எத்தனை நாள் வரும் என்று நான் கேட்கவில்லை. மேற்கே வானம் மறுபடியும் கறுத்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்காமல் குனிந்து, இன்னும் வேகமாக அரிந்தார்.