கண்ணாடியில் தடவிய ரத்தம்

அப்பாவை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. என்னை மன்னிக்கும் பேச்சுக்கே இடமில்லை.

ஐம்பதுகளில் ஒரு காலை, உத்தனப்பள்ளியில் எங்கள் கறவைப் பசு மூக்கில் ரத்தம் கசியச் செத்துக் கிடந்தது. கால்நடைக் கம்பவுண்டர் வந்து காது நுனியைக் கீறி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவிக் காயவைத்தார். அதை ஓசூர் மாட்டு டாக்டருக்குக் கொடுத்தனுப்பச் சொல்லி, அவர் பார்த்துச் சொல்லும்வரை யாரும் பசுவைத் தொடக்கூடாது என்றார். செத்த மாட்டைத் தோலுரிப்பது எங்கள் பண்ணையாளின் வேலை, கறியும் அவருக்கே. அதை என்னவோ நாங்கள் செய்யும் தர்மம்போல வீட்டில் பேசுவார்கள்.

கம்பவுண்டர் போனதும் அப்பா கண்ணாடியைத் தேய்த்துக் கழுவினார். நோயில்லாத உழவுமாட்டின் காதில் முள்ளால் குத்தி அந்த ரத்தத்தைக் கண்ணாடியில் தடவினார். மாட்டைப் பிடித்துக்கொண்டது நான். பசு செத்தது அடைப்பான் என்ற தொற்றுநோயால் என்று தெரிந்தால் கெலமங்கலம் சந்தைக்குள் எங்கள் மாடுகளை விடமாட்டார்கள். அடுத்த வாரம் ஒரு ஜோடியை விற்க இருந்தார்.

ஓசூரில் படித்த நான்தான் கண்ணாடியைக் கொண்டுபோனேன்.

"பள்ளிக்கூடம் மட்டம் போட மாடு சாகணுமாடா?" என்று சிரித்தபடி டாக்டர் அதன்மேல் ஊதாச் சாயம் ஊற்றினார். பிறகு அயோடின், ஸ்பிரிட், சிவப்புச் சாயம். "அடைப்பான் கிருமி குச்சி குச்சியா இருக்கும். ஸ்பிரிட்ல கழுவினாலும் ஊதாவ விடாது. நீயே பாரு, ஒண்ணாவது இருக்கா?"

மைக்ராஸ்கோப்பில் இல்லை. இருக்காது என்று எனக்குத் தெரியும். "இல்ல சார்" என்றேன்.

மதியம் டாக்டர் எழுதிய சீட்டோடு திரும்பினேன். "நோவு இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு, எடுத்துக்கோ" என்றேன். அப்பாவைவிட மூத்த பண்ணையாளிடம் அப்படித்தான் பேசுவேன்.

"படிச்ச புள்ள நீங்க சொன்னா சரிங்க, சின்னய்யா" என்று பண்ணையாள் கத்தியை எடுத்தார்.

நாலாம் நாள் அவர் முன்கையில் கொப்புளம், நடுவில் கரிபோல் கறுப்பு. உடம்பு அனலாய்க் கொதித்தது. கேள்விப்பட்ட டாக்டர் மைக்ராஸ்கோப்போடு வந்தார். கொப்புள நீரைக் கண்ணாடியில் தடவிச் சாயமேற்றியவர், என் பிடரியைப் பிடித்துப் பார்க்கவைத்தார். ஊதாக் குச்சிகள், ஒன்றன்பின் ஒன்றாக, சங்கிலியாக.

பண்ணையாளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி ஓடிவந்து, "சின்னய்யா, நோவு இல்லேன்னீங்களே!" என்றாள்.

டாக்டர் கத்தினார். "அன்னிக்கு என்ன ரத்தம்டா கொண்டாந்த?"

"மாட்டு ரத்தந்தான் சார்."

அப்பா பின்னால் நின்று என் தோளைத் தட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. வண்டி ஓசூர் சேருமுன் பண்ணையாள் செத்துப்போனார்.

ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லாமலே ஒருவரைக் கொல்ல முடியும் என்பது பத்து வயதில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.