கரண்டு இல்லாத கோடையின் இட்லி

போன வாரம் ஒரு காலை, கிரைண்டரில் உளுந்து பாதி அரைபட்டுக்கொண்டிருக்கும்போது கரண்டு போய்விட்டது. போத்தனூரில் இப்போதெல்லாம் இது அபூர்வம். எதிர் வீட்டுப் பையன் வைஃபை போன துக்கத்தில் வாசலுக்கே வந்து நின்றான். நான் கிரைண்டர் மூடியைத் திறந்து பார்த்தேன். பாதி அரைபட்ட உளுந்துக்கு ஒரு வாசனை உண்டு, கவனித்திருக்கிறீர்களா? பச்சையும் இல்லை, புளிப்பும் இல்லை. புதுச் சுண்ணாம்பு அடித்த சுவரில் மழைச்சாரல் பட்டால் வருமே, கிட்டத்தட்ட அது. அது மூக்கில் ஏறியதும் கரண்டு எப்போது வரும் என்ற கவலை எனக்குப் போய்விட்டது. நான் முதன்முதலில் வேலை பார்த்த கணபதிக்கு மனசால் போய்விட்டேன்.

கணபதி என்றால் பெரிய பிள்ளையார் கோயிலும் அதைச் சுற்றி நாலு தெருவும் என்று நினைத்துக்கொண்டுதான் முதன்முதலில் அங்கே வேலைக்குப் போனேன். சிரிக்காதீர்கள். எங்கள் ஊரான கோபியைத் தாண்டி அதிகம் போகாத பெண் நான். டீச்சர் வேலைக்கு உத்தரவு வந்ததும், உடைப்பதற்கு ஒரு தேங்காயைக் கூடப் பையில் போட்டுத்தான் அம்மா அனுப்பினாள். வந்து இறங்கினால் சந்துக்குச் சந்து லேத் பட்டறை. இரும்புத் தூளும் எண்ணெயும் கலந்த ஒரு நெடி. பள்ளிக்கூடம் அந்தச் சந்துகளுக்கு நடுவில் இருந்தது. நான் பாடம் நடத்தினால் பக்கத்துப் பட்டறையில் இரும்பு அறுக்கிற சத்தம்தான் பிள்ளைகளுக்குக் கேட்கும். வாய்ப்பாட்டைக் கத்திக் கத்தியே என் குரல் கெட்டுப்போனது. இன்றும் போனில் பேசினால் தள்ளி வைத்துக் கேட்கிறார்கள்.

பிறகு அந்தச் சத்தம் ஒருநாள் நின்றது. மின்வெட்டுக் காலம் உங்களுக்கு நினைவிருக்கும். பகலில் பாதி நேரம் கரண்டு இருக்காது. மோட்டார் ஓடினால்தான் அந்தத் தெருக்களில் கூலி. பட்டறைக்காரர்கள் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மின்கம்பத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வகுப்பில் என் குரல் எனக்கே தெளிவாகக் கேட்டது. அதற்காகச் சந்தோஷப்பட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்று.

ஏப்ரல் கடைசியில் பரீட்சை முடிந்த நாள். மத்தியானச் சோறு போட்டுக்கொண்டிருந்தார் சத்துணவு சமைக்கும் ருக்மணி அக்கா. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் சோத்தக்கா. முகத்துக்கு நேரே கூப்பிடுவார்கள், அவரும் ‘என்ன சாமி’ என்பார். நாலாம் வகுப்புத் தரணி அன்று இரண்டாம் முறை வாங்கினாள், மூன்றாம் முறையும் வாங்கினாள். சாப்பிட்டு முடித்துக் கையைக்கூட கழுவாமல் என்னிடம் வந்தாள்.

“டீச்சர், நாளைக்கு வந்து பள்ளிக்கூடத்தைக் கூட்டி உடட்டுங்களா?”

நாளையிலிருந்து லீவு, பள்ளிக்கூடம் பூட்டிவிடும் என்று அவளுக்கு நல்ல செய்தி சொல்கிற மாதிரி சொன்னேன். அவள் முகம் போன போக்கு எனக்குப் புரியவில்லை. படிப்பில் இவ்வளவு ஆசையா என்று நெகிழ்ந்துகூடப் போனேன். சோத்தக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“டீச்சர் கண்ணு, லீவுன்னா நீங்க ஊருக்குப் போவீங்க. இதுகளுக்கு ஒரு வேளைச் சோறு போயிரும். அவ்வளவுதானுங்க.”

கோபியில் வளர்ந்தவளுக்கு இது எட்டாதுதான். நெல்லும் வாழையும் தென்னையும் பார்த்து வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் சோறு மிஞ்சிவிட்டதே என்றுதான் சண்டை நடக்கும். சாயந்திரம் ஊருக்குப் பஸ் ஏறுவதற்குப் பெட்டி கட்டி வைத்திருந்தேன். அதைப் பிரித்துவிட்டு, அம்மாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். திட்டப்போகிறாள் என்று காதைத் தள்ளி வைத்துக்கொண்டேன். அம்மாவோ, “பசிச்ச புள்ளைகளை உட்டுப்போட்டு இங்க வந்து என்ன பண்ணப் போற? அங்கயே இரு. அரிசி ஏத்தி உடறேன்” என்றாள்.

அடுத்த சில வாரங்கள் கோபி பஸ்ஸில் எனக்கு அரிசி மூட்டை வந்தது. கூடவே வாழைத்தார். காந்திபுரத்தில் அதை இறக்கி டவுன் பஸ்ஸில் ஏற்றினால் கண்டக்டர் என்னையும் தாரையும் மாறி மாறிப் பார்ப்பார். ஒரு தடவை தாருக்கு இடம் விட்டு நான் நின்றுகொண்டே வந்தேன்.

பள்ளிச் சமையல்கூடத்தை லீவில் திறக்க விதி இல்லை. தலைமையாசிரியர் நல்ல மனிதர், நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். விதி இல்லை என்றால் ஷெட் இருக்கிறது என்று சோத்தக்கா என்னை ஒரு பம்புசெட் பட்டறை முதலாளியிடம் அழைத்துப் போனார். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். மனைவியிடம் தெலுங்கில் ஏதோ கேட்டார், அந்தம்மாள் உள்ளேயிருந்து ஒரே வார்த்தை சொன்னார், சாவி கைக்கு வந்துவிட்டது. அந்த வார்த்தை என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பட்டறைக்குப் பின்னால் இருந்தது அந்தத் தகர ஷெட். பம்பு வைத்து அனுப்புகிற பலகைப்பெட்டி கழிவு ஒரு மூலை நிறையக் கிடந்தது. விறகுக்கும் வழி ஆயிற்று.

வரிசையில் நிற்க வைத்து ஆரம்பித்தோம். பள்ளியில் அப்படித்தானே பழக்கம். தட்டோடு பிள்ளைகள் ஷெட்டு வாசலிலிருந்து தெரு வரைக்கும் நிற்பார்கள். முதல் வாரம் எனக்குப் பெருமை தாங்கவில்லை. நானே அந்த வரிசையைத் தெருமுனையில் நின்று ஒருதரம் பார்த்துவிட்டு வருவேன்.

இரண்டாவது வாரம் தரணியின் அப்பா வேலுச்சாமி வந்தார். வெட் கிரைண்டர் பாகங்களைப் பூட்டிச் சேர்க்கிற பட்டறையில் வேலை. மோட்டாரே ஓடாத ஊரில் கிரைண்டர் யார் வாங்குவார்கள்? பட்டறையை அடைத்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. தரணி அப்போதுதான் சோறு வாங்கி முதல் வாய் எடுத்திருந்தாள்.

“ஏனுங்க டீச்சர், பசிக்குதுன்னு என்ற புள்ள உங்ககிட்ட வந்து சொன்னாளுங்களா?”

இல்லை என்றேன்.

“அப்பறம் எதுக்குங்க ஊரு பாக்கத் தட்டோட நிறுத்தி வெச்சிருக்கறீங்க?”

எங்கள் பக்கத்துக் கோபம் இப்படித்தான். கோபத்திலும் குறை இருக்காது, ‘ங்க’விலும் குறை இருக்காது. அதனாலேயே பதில் சொல்ல முடியாது. சோத்தக்காதான் பேசினார். “ஆரும் பசிக்குதுன்னு சொல்லலீங்க. எனக்கு ஊட்டுல நாலு பேத்துக்குப் பொங்கத் தெரியாம போச்சுங்க. அண்டாவுல பொங்கியே கை பழகிப்போச்சு. லீவுன்னா கை சும்மா இருக்க மாட்டேங்குது.”

வேலுச்சாமி சிரிக்கவில்லை. மகளின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். தரணி அப்பாவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. திரும்பித் திரும்பித் தட்டையே பார்த்துக்கொண்டு போனாள்.

அடுத்த நாள் அவள் வரவில்லை. அந்த வாரமே அவர்கள் சந்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வராமல் நின்றுவிட்டார்கள். ‘எங்கம்மா போக வேண்டாம்னாங்க’ என்று ஒருத்தி தெருவில் என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஓடினாள். அண்டாவில் சோறு மிஞ்ச ஆரம்பித்தது. இத்தோடு முடிந்தது, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நான் உட்கார்ந்துவிட்டேன். வருகிற பிள்ளைகளோ அது எதுவும் தெரியாமல், தினமும் சோறுதானா, இட்லி கிடையாதா என்று சோத்தக்காவை நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். ஷெட்டின் மூலையில் ஓட்டல்களுக்குச் செய்கிற பெரிய கிரைண்டர் ஒன்று கிடந்தது. கரண்டு வருகிற நேரத்தில்கூட அந்தக் கல்லைச் சுற்றும் அளவுக்கு வோல்டேஜ் வராது.

சோத்தக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று கேட்டுக்கொண்டே நான் பின்னால் போனேன். வேலுச்சாமி வீட்டு வாசலில் போய் நின்றார். மகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கிரைண்டரைப் பற்றித்தான் பேச்சு.

“கரண்டு இல்லாம கிரைண்டர் எப்படீங்க ஓடும்?” என்றார் வேலுச்சாமி.

“அது தெரிஞ்சா நான் எதுக்குங்க உங்க ஊட்டுக்கு வாரேன்?”

மறுநாள் காலையில் ஷெட்டைத் திறக்கும்போது வாசலில் அவர் நின்றிருந்தார். பக்கத்தில் ஒரு பழைய சைக்கிள். என்னைப் பார்த்துத் தலையாட்டினார், அவ்வளவுதான். பின்சக்கரத்து டயரைக் கழற்றி, சைக்கிளைத் தரையில் ஓடாதபடி தூக்கி நிறுத்தி, வெறும் ரிம்மிலிருந்து கிரைண்டருக்கு ஒரு பெல்ட்டை மாட்டினார். மிதித்தால் கல் சுற்ற வேண்டும். மிதித்தார். பெல்ட் தெறித்து விறகுக் குவியலில் விழுந்தது. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் தகரம் அதிர்ந்தது. மறுபடி மாட்டினார். இந்தத் தடவை நன்றாகவே சுற்றியது, அளவுக்கு மேலே நன்றாகச் சுற்றியது. மாவு எழும்பி என் புதுச் சேலையில் இடுப்பிலிருந்து தோள் வரைக்கும் தெளித்தது. அப்போதுதான் அவர் முகத்தில் முதன்முதலாகச் சிரிப்பைப் பார்த்தேன். அந்தச் சேலை கறை போகவே இல்லை. போகட்டும், நல்ல இடத்தில்தான் போனது.

மாலைக்குள் சரியாகிவிட்டது. சைக்கிள் மிதிக்க அடிதடி. நீ இறங்கு, நான் ஏறுகிறேன் என்று தள்ளுமுள்ளு. யார் போய்ச் சொன்னார்களோ, வராமல் நின்ற பிள்ளைகளெல்லாம் சைக்கிளைப் பார்க்க வந்துவிட்டார்கள். தரணி கடைசியாக வந்து வாசலில் நின்றாள். வேலுச்சாமி அவளைத் தூக்கி சீட்டில் உட்கார வைத்தார். பெடல் எட்டவில்லை. ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவரே பெடலைச் சுற்றினார். அவள் ஏதோ தானே அரைக்கிற நினைப்பில் எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தாள். ஷெட்டு முழுக்க அந்த உளுந்து வாசனை.

அடுத்த நாள் அண்டாவில் துணி கட்டி இட்லி வேகவைத்தோம். முதல் ஈடு கொஞ்சம் கெட்டிதான். சோத்தக்காவே ஒன்றைப் பிட்டுப் பார்த்து, கிரைண்டர் கல்லையும் சேர்த்து அரைத்துவிட்டீர்களா என்று வேலுச்சாமியைக் கேட்டார். பிள்ளைகள் வழக்கம்போலத் தட்டை எடுத்துக்கொண்டு வரிசைக்கு ஓடினார்கள். அப்போது வேலுச்சாமி என் பக்கத்தில் வந்தார்.

“வரிசை வேண்டாமுங்க டீச்சர். பந்தியா உக்கார வெச்சரலாமுங்க.”

நான் ஏன் என்று கேட்கவில்லை. அவரே சொன்னார். “பந்தின்னா விருந்துங்க.” வரிசை என்றால் என்ன என்ற மறுபாதியை அவர் சொல்லவில்லை. எனக்கும் அது தேவைப்படவில்லை.

அன்றிலிருந்து ஷெட்டுக்குள் இரண்டு பக்கமும் பாய் விரித்துப் பந்தி. வாழை இலைக்குக் குறைவா, கோபியிலிருந்து அம்மா கட்டுக் கட்டாக அனுப்பினாள். வேலுச்சாமி சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் போட்டுக்க சாமி” என்று ஒவ்வோர் இலைக்கும் குனிவார். அவர் நின்றதைப் பார்த்து மற்ற அப்பாக்களும் வந்தார்கள். கரண்டு இல்லாத பகல்களில் மின்கம்பத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள் காய் நறுக்கினார்கள், தண்ணீர் சுமந்தார்கள். பிள்ளைகள் எழுந்ததும் அவர்களும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். யாரையும் யாரும் கூப்பிடவில்லை. வேலை செய்தவன் அங்கேயே சாப்பிடுவது வழக்கம்தானே. பள்ளி திறக்கிற வரைக்கும் ஒரு நாளும் அடுப்பு அணையவில்லை. அடுத்தடுத்த கோடைகளிலும் நடத்தினோம். பிறகு கரண்டு ஒழுங்காக வர ஆரம்பித்தது, பட்டறைகளில் சத்தம் திரும்பியது. ஒரு மே மாதம் அண்டா வைக்கத் தேவையில்லாமலே போயிற்று. நான் ஊருக்குப் போய் அம்மா கையால் சாப்பிட்டேன்.

போத்தனூருக்கு மாற்றல் வாங்கி வந்த பிறகு கணபதிப் பக்கம் அதிகம் போவதில்லை. ஷெட்டு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். முதலாளி வீட்டார் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். சோத்தக்கா ஓய்வு பெற்று மகன் வீட்டில் இருக்கிறார், இன்னமும் நாலு பேருக்குப் பொங்கத் தெரியவில்லை என்று மருமகள் புகார். வேலுச்சாமி காலமாகிவிட்டார். சைக்கிள் என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது.

சென்ற வருடம் கோபியில் ஒரு கல்யாணத்தில், “டீச்சர்” என்று ஒரு பெண் வந்து கையைப் பிடித்தாள். இடுப்பில் குழந்தை. ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிறாளாம். தரணி என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. கணவனைக் கூப்பிட்டு என்னைக் காட்டினாள்.

“எங்கப்பா லீவு முழுக்க எங்க ஏரியாப் புள்ளைகளுக்கெல்லாம் சோறு போட்டாருன்னு சொல்லுவேனில்லீங்க? அப்ப டீச்சரும் கூட இருந்தாங்க.”

கூட இருந்த டீச்சர். அம்மா அனுப்பிய மூட்டைகள், தாருக்கு இடம் விட்டு நின்ற பஸ், பாழாய்ப்போன சேலை எல்லாம் ஒரு கணம் தொண்டை வரை வந்தன. விழுங்கிவிட்டு, “ஆமா கண்ணு, உங்கப்பா போட்ட சோறுதான். நானும் நல்லாச் சாப்பிட்டேன்” என்றேன். அந்த வருஷமெல்லாம் வீட்டில் சிரமமாக இருந்திருக்குமே என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன். அவள் நிஜமாகவே யோசித்தாள். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“அப்படியொண்ணும் ஞாபகம் இல்லீங்க டீச்சர். அப்ப எங்களுக்கு என்னங்க கொறை?”

ஷெட்டு போனதில் எனக்கு வருத்தம் உண்டு. வேலுச்சாமியை இன்னொரு முறை பார்க்காமல் விட்டதில் நிறையவே உண்டு. ஆனால் தட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போன அந்தச் சின்னப் பெண் இந்த உலகத்தில் என் நினைவில் மட்டும்தான் மிச்சம் இருக்கிறாள். அவளுடைய பசி அவளிடமே இல்லை. எங்கோ போய்விட்டது. அதை நான் தேடப் போவதில்லை.